அத்தியாயம் 7: விதை எண் வேறு, நிலம் ஒன்று

நிலப்பரப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும் கேம்களில் ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு விதை எண் உண்டு. கேம் ஆடுவோர் அதை ‘சீட்’ என்பார்கள். அங்குள்ள மலை, ஆறு, காடு, குகை எதையும் யாரும் கையால் வரைவதில்லை. இந்த ஓர் எண்ணிலிருந்து நிரல் அவற்றைக் கணக்கிட்டு எடுக்கிறது. அதே எண்ணை அதே பதிப்பில் கொடுத்தால் அதே உலகம் வர வேண்டும் என்பது முதல் விதி. எண் மாறினால் உலகமும் மாற வேண்டும் என்பது இரண்டாம் விதி. முதல் விதி மீறப்பட்டால் உடனே தெரிந்துவிடும். இரண்டாம் விதி மீறப்படுவது, யாராவது இரண்டு உலகங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்வரை தெரியாது.

மைன்கிராஃப்ட் இதற்கு நல்ல சான்று. அதன் முகப்புத் திரையில் மெல்லச் சுழலும் நிலக்காட்சி எந்த உலகத்தில் எடுக்கப்பட்டது என்பது பல ஆண்டுகள் புதிராக இருந்தது. தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் திறனைச் சேர்த்து இயக்கும் மைன்கிராஃப்ட்@ஹோம் திட்டம் 2020 ஜூலையில் அதற்கு விடை கண்டது. பீட்டா 1.7.3 பதிப்பில் அந்தக் காட்சியைத் தரும் விதை எண்களாக இரண்டு வெளியாயின: 2151901553968352745, 8091867987493326313. பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத எண்கள். ஆனால் உலகம் ஒன்றுதான். முதல் எண்ணை இரண்டாவதிலிருந்து கழித்தால் 5939966433524973568 வரும். அது 2-இன் 48-ஆம் அடுக்கைச் சரியாக 21,103 முறை எடுத்த தொகை. 48 பிட்டுக்கு மேலுள்ள பகுதியில் மட்டுமே இரண்டும் வேறுபடுகின்றன. அந்தப் பகுதியை நிரல் பார்ப்பதே இல்லை.

எல்லா ஒற்றுமைகளுக்கும் இதே காரணம் இல்லை. விதை எண் நிலமாக மாறும் வழியில் ஐந்து நிலைகள் இருக்கின்றன. எந்த நிலையிலும் எண்களுக்கு இடையிலான வேறுபாடு தொலைந்துபோகலாம். முதல் நிலையில் தொலைந்ததைப் பின்னால் எவ்வளவு சிக்கலான கணக்குப் போட்டாலும் மீட்க முடியாது. ஆகவே, எந்த நிலையில் தொலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

ஐந்து நிலைகள்

1. உள்ளீடு: பயனர் தரும் எழுத்தோ எண்ணோ, கணினியின் கடிகார நேரமோ, ஒரு முழு எண்ணாக மாறுகிறது.

2. எண் இயற்றி: அந்த முழு எண்ணைத் தொடக்கமாகக் கொண்டு, சமவாய்ப்பு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

3. பங்கீடு: உலகத்தின் ஒவ்வொரு சதுரத்துக்கும், உயரம், ஈரப்பதம், கனிமம் போன்ற ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி விதை எண் பிரிகிறது.

4. நாய்ஸ்: ஏற்ற இறக்கங்களைத் தரும் கணிதச் சார்பு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பைச் சொல்கிறது.

5. விதிகள்: அந்த மதிப்பு கடலா கரையா, பாலையா காடா என்று தீர்மானிக்கப்படுகிறது. ஆட்டக்காரர் இறங்கும் இடமும் இங்குதான் முடிவாகிறது.

முதல் நிலை: உள்ளீடு

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் விதை எண் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் சொல்லையும் எழுதலாம். சொல்லை எண்ணாக்க ஜாவா மொழியின் ஹேஷ் சார்பு பயன்படுகிறது. முதல் எழுத்துக்குறியின் யுனிகோட் எண்ணில் தொடங்கி, கிடைத்த தொகையை 31-ஆல் பெருக்கி, அடுத்த குறியின் எண்ணைக் கூட்டுவது. கடைசிக் குறிவரை இதையே திரும்பச் செய்வது. இவ்வளவுதான் அந்தச் சார்பு.

‘மழை’ என்ற சொல்லில் மூன்று குறிகள்: ம (2990), ழ (2996), ஐகாரக் குறி (3016). கணக்கிட்டால் 2969282 வரும். ‘மவன’ என்று எழுதினால் ம (2990), வ (2997), ன (2985). இங்கும் விடை 2969282. இரண்டாம் குறி ஒன்று கூடியதால் சேர்ந்த 31, மூன்றாம் குறியில் 31 குறைந்ததால் சரிக்கட்டப்பட்டுவிட்டது. எனவே ‘மழை’ என்று எழுதினாலும், ‘மவன’ என்று எழுதினாலும், 2969282 என்ற எண்ணையே கொடுத்தாலும் ஒரே உலகம்தான் வரும். இரண்டு சொற்களுக்கும் பின்னால் ஒரே ஒட்டைச் சேர்த்தாலும் அவை ஒன்றாகவே இருக்கும்.

இந்த ஹேஷின் விடை 32 பிட் எண். அதாவது, எத்தனை வாக்கியங்களை எழுதிப் பார்த்தாலும் கிடைக்கக்கூடிய விதை எண்கள் சுமார் 429 கோடிதான். பெரிய எண்ணாகத் தோன்றினாலும், மோதல் நிகழ அத்தனை உலகங்கள் தேவையில்லை. பிறந்தநாள் கணக்கின்படி, 32 பிட் விதை எண்களைச் சமவாய்ப்பாக எடுத்துக்கொண்டே போனால், சுமார் 77,000 உலகங்களிலேயே ஏதேனும் இரண்டு ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதியை எட்டிவிடும். 16 பிட் என்றால் சுமார் 300 உலகங்களே போதும். 48 பிட்டுக்கு ஏறத்தாழ 2 கோடி உலகங்களும், 64 பிட்டுக்கு ஏறத்தாழ 500 கோடி உலகங்களும் வேண்டும்.

உள்ளீட்டில் வேறுபாடு தொலையும் மற்ற வழிகளும் உண்டு.

* கடிகாரத்தை விநாடிக் கணக்கில் படித்து விதை எண்ணாக்கினால், ஒரே விநாடியில் தொடங்கும் எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே நிலம். சர்வரில் பல அறைகள் ஒரே நேரத்தில் திறக்கும்போது இது உடனே வெளிப்படும்.

* எதிர்மறை எண்ணின் குறியை நீக்கிவிட்டால், 500-உம் −500-உம் ஒன்றாகிவிடும்.

* முழு எண்ணை 32 பிட் தசம எண்ணாக மாற்றினால், 1,67,77,216-க்கு மேல் ஒற்றைப்படை எண்கள் பக்கத்து இரட்டைப்படை எண்ணோடு கலந்துவிடும். இன்னும் பெரிய எண்களில் நூற்றுக்கணக்கான விதைகள் ஒரே மதிப்பில் போய் விழும்.

இந்த நிலைக்கான தீர்வு எளிது. விதை எண்ணை ஆரம்பம் முதல் இறுதிவரை 64 பிட் முழு எண்ணாகவே வைத்திருக்க வேண்டும். சொல்லை எண்ணாக்க 64 பிட் விடை தரும் ஹேஷ் வேண்டும். எண்ணாக மாறிய பிறகு அந்த எண்ணை ஆட்டக்காரருக்குத் திரையில் காட்டுவதும் நல்லது. இரண்டு சொற்கள் ஒரே எண்ணைத் தந்தால் அவரே கண்டுகொள்வார்.

இரண்டாம் நிலை: எண் இயற்றி

கணினி தரும் சமவாய்ப்பு எண்கள், ஒரு தொடக்க மதிப்பிலிருந்து சூத்திரப்படி வருபவை. ஜாவாவின் பழைய எண் இயற்றி தன் நிலையை 48 பிட்டில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை 25214903917-ஆல் பெருக்கி, 11 கூட்டி, 48 பிட்டுக்கு மேலானதை வெட்டிவிடுகிறது. 64 பிட் விதை எண்ணைக் கொடுத்தால் மேலுள்ள 16 பிட் அப்போதே உதிர்ந்துவிடும். பீட்டா 1.7.3-இல் ஒவ்வொரு உலகத்துக்கும் 65,536 விதை எண்கள் இருந்தது இதனால்தான். முகப்புத் திரையின் இரண்டு எண்கள் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை.

பின்வந்த மைன்கிராஃப்ட் பதிப்புகளில் பயோம்களை, அதாவது பாலை, காடு போன்ற நிலவகைகளை, தீர்மானிக்கும் கணக்கு முழு 64 பிட்டையும் எடுத்துக்கொண்டது. ஆனால் கிராமம், கோயில் போன்ற கட்டடங்களின் இடத்தை 48 பிட் இயற்றியே முடிவு செய்தது. ஆகவே கீழ் 48 பிட் ஒத்திருக்கும் இரண்டு உலகங்களில் பாலைவனமும் காடும் இடம் மாறியிருக்கும். கிராமம் வரக்கூடிய இடங்கள் மட்டும் மாறாமல் இருக்கும். இத்தகைய எண்களை ஆர்வலர்கள் சகோதரி விதைகள் என்கிறார்கள்.

இதே இயற்றியில் வேறொரு சிக்கலும் உண்டு. 0, 1, 2, 3 என்ற விதை எண்களைக் கொடுத்து, 0 முதல் 1 வரையிலான முதல் தசம எண்ணைக் கேட்டால் முறையே 0.73097, 0.73088, 0.73115, 0.73106 வருகின்றன. நான்குமே 0.731-ஐ ஒட்டியவை. விதை எண் ஒன்று மாறும்போது நிலை 25214903917 அளவுக்கு நகர்கிறது. 48 பிட்டின் முழு நீளத்தோடு ஒப்பிட்டால் அது 11,163-இல் ஒரு பங்கே. அதனால் சிறிய, அடுத்தடுத்த விதை எண்களின் முதல் விடைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த முதல் விடையை வைத்துக் கடல் மட்டத்தையோ கண்டங்களின் எண்ணிக்கையையோ ஒரு கேம் தீர்மானித்தால், 1 முதல் 100 வரையிலான உலகங்கள் எல்லாம் ஒரே குடும்பச் சாயலோடு வரும். சோதனை செய்பவர்கள் சிறிய எண்களையே கொடுத்துப் பார்ப்பதால், ‘எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரே மாதிரி’ என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்தே எழுகிறது.

முதல் சில விடைகளை வீசியெறிந்துவிட்டுத் தொடர்வது சிலர் செய்யும் கைவைத்தியம். ஓரளவு பலன் தரும். ஆனால் எத்தனை விடைகளை எறிய வேண்டும் என்பது இயற்றிக்கு இயற்றி மாறும். விதை எண்ணை இயற்றியிடம் தருமுன் நன்றாகக் கலக்கிவிடுவதே உறுதியான வழி. கை ஸ்டீல், டக் லீ, கிறிஸ்டைன் ஃப்ளட் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஸ்பிளிட்மிக்ஸ் முறையின் 64 பிட் வடிவம் இதற்கு ஏற்றது. எல்லாக் கணக்கும் குறியற்ற 64 பிட் எண்ணில் நடக்க வேண்டும்:

1. விதை எண்ணோடு 11400714819323198485-ஐக் கூட்டுக.

2. விடையை 30 பிட் வலப்புறம் நகர்த்திய வடிவத்தோடு எக்ஸ்ஆர் செய்து, 13787848793156543929-ஆல் பெருக்குக.

3. விடையை 27 பிட் வலப்புறம் நகர்த்திய வடிவத்தோடு எக்ஸ்ஆர் செய்து, 10723151780598845931-ஆல் பெருக்குக.

4. விடையை 31 பிட் வலப்புறம் நகர்த்திய வடிவத்தோடு எக்ஸ்ஆர் செய்க.

இந்த நான்கு படிகளுக்கும் இரண்டு நல்ல குணங்கள் உண்டு. உள்ளீட்டில் ஒரு பிட் மாறினால் வெளியீட்டில் ஏறக்குறைய பாதி பிட்கள் மாறும். ஒவ்வொரு படியையும் பின்னோக்கித் திருப்ப முடியும் என்பதால், இரண்டு வெவ்வேறு எண்கள் ஒரே விடையில் போய்ச் சேர வழியே இல்லை. கலக்கிய பிறகு எண் போய்ச் சேரும் இயற்றிக்கும் குறைந்தது 64 பிட் நிலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கலக்கியதில் ஒரு பகுதி மறுபடி உதிரும். 2021 நவம்பர் 30-இல் வந்த 1.18 பதிப்பு முதல் மைன்கிராஃப்டின் ஜாவா வடிவம் நிலப்பரப்புக்கு, டேவிட் பிளாக்மனும் செபாஸ்டியானோ விஞ்ஞாவும் வடிவமைத்த, 128 பிட் நிலை கொண்ட இயற்றியைப் பயன்படுத்துகிறது.

மூன்றாம் நிலை: பங்கீடு

பெரிய உலகத்தை ஒரே மூச்சில் உருவாக்க முடியாது. ஆட்டக்காரர் போகும் திசையில் சதுரம் சதுரமாக உருவாக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு சதுரத்துக்கும் தனி விதை எண் பிரிக்கப்படுகிறது. உலகின் விதை எண்ணோடு சதுரத்தின் ஆயங்களைக் கூட்டிவிடுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அப்படிச் செய்தால், விதை எண் 5 கொண்ட உலகில் 10-ஆம் சதுரமும், விதை எண் 10 கொண்ட உலகில் 5-ஆம் சதுரமும் ஒரே எண்ணைப் பெறும். இரண்டும் தனி உலகங்கள் போலத் தோன்றினாலும், ஒன்று மற்றொன்றின் நகர்த்தப்பட்ட படியே.

ஆயங்களைப் பெரிய எண்களால் பெருக்கிக் கூட்டினாலும் சிக்கல் மறைவதில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவே. மைன்கிராஃப்ட் கட்டடங்களின் இடத்தைக் கணக்கிடும்போது, வட்டாரத்தின் கிழக்கு–மேற்கு எண்ணை 341873128712-ஆலும், வடக்கு–தெற்கு எண்ணை 132897987541-ஆலும் பெருக்கி, உலகின் விதை எண்ணையும் அந்தக் கட்டட வகைக்கென நிலையாக ஒதுக்கிய சால்ட் எண்ணையும் கூட்டுகிறது. ஒரு விதை எண்ணோடு 341873128712-ஐக் கூட்டிப் புதிய உலகம் தொடங்கினால், பழைய உலகின் கிராம இடங்கள் எல்லாம் ஒரு வட்டாரம் மேற்கே நகர்ந்து அப்படியே வரும். அங்குள்ள பயோம் இடம்கொடுத்தால் கிராமமும் இருக்கும். இந்தச் சூத்திரம் நேர்கோட்டுத் தன்மை உடையது என்பதாலேயே, விரும்பிய அமைப்புள்ள உலகத்தைத் தேடும் ஆர்வலர்களின் நிரல்கள் அத்தனை வேகமாக இயங்க முடிகிறது.

கூட்டலைத் தவிர்த்துப் பெருக்கலை நாடினாலும் கவனம் வேண்டும். 1.18-க்கு முந்தைய பதிப்புகளில் பயோம் அடுக்குகளுக்கான எண், விதை எண்ணை அதன் நேர்கோட்டுச் சார்பு ஒன்றாலேயே பெருக்கிப் பெறப்பட்டது. அது இருபடிக் கோவை. இருபடிக் கோவையில் இரண்டு உள்ளீடுகள் ஒரே விடையைத் தரும். அதனால் ஒவ்வொரு விதை எண்ணுக்கும் ஒரு நிழல் விதை அமைந்தது: −7379792620528906219-இலிருந்து விதை எண்ணைக் கழித்தால் அது கிடைக்கும், 64 பிட்டுக்குள் சுருட்டிக்கொண்டு. இரண்டு உலகங்களிலும் கடலும் பாலையும் காடும் ஒரே இடங்களில் விழும். மலைகளின் நுணுக்க வடிவமும் கட்டடங்களும் மட்டும் வேறாக இருக்கும். சகோதரி விதைகளில் நேர்வதற்கு இது நேர்எதிர்.

அடுக்குகளைப் பிரிப்பதிலும் பிழை நேரும். உயரத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஒரே விதை எண்ணைக் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே வடிவில் ஏறி இறங்கும். எல்லா உலகங்களிலும் மேட்டில் காடும் பள்ளத்தில் பாலையுமாகவே அமையும். விதை எண்கள் சரியாக மாறினாலும், பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

தீர்வு: உலக விதை எண்ணை முதலில் கலக்க வேண்டும், விடையோடு அடுக்கின் சால்ட் எண்ணைச் சேர்த்து மறுபடி கலக்க வேண்டும், பிறகு ஓர் ஆயம், கலக்கல், அடுத்த ஆயம், கலக்கல். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் கடைசியில் ஒருமுறை மட்டும் கலக்கினால் நகர்த்தப்பட்ட படிகள் தொடர்ந்து வரும். கலக்குவதற்கு முன்பே கூட்டுத்தொகை ஒன்றாகிவிட்டிருக்கும்.

நான்காம் நிலை: நாய்ஸ்

நிலத்தின் மேடு பள்ளங்களுக்கு மிகப் பரவலாகப் பயன்படுவது பெர்லின் நாய்ஸ். கென் பெர்லின் 1983-இல் உருவாக்கிய இந்த முறை, திரைப்படங்களில் கணினி வரைகலைக்கு உதவியதற்காக 1997-இல் அவருக்கு ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதைப் பெற்றுத் தந்தது. வெளியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்ட முனைக்கும் ஒரு சாய்வுத் திசையைக் கொடுத்து, இடைப்பட்ட இடங்களில் அவற்றை வழவழப்பாக இணைப்பது அதன் வேலை. முனைக்குத் திசையைத் தேர்ந்தெடுக்க, 0 முதல் 255 வரையிலான எண்களைக் கலைத்து அடுக்கிய பட்டியல் ஒன்று பயன்படுகிறது.

இங்கே மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது, பட்டியலை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுவது. யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் உள்ள பெர்லின் சார்புக்கு விதை எண் கொடுக்க வழியில்லை. அதனால் விதை எண்ணை ஆயத்தோடு கூட்டி, நாய்ஸின் வேறொரு பகுதியைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அங்கே இருப்பது ஒரே நிலம். விதை எண் அதன் எந்த மூலையைப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறது. அந்த நிலமும் ஒவ்வொரு திசையிலும் 256 கட்டங்களுக்குப் பிறகு திரும்ப வரும். விதை எண்ணை நேரடியாகக் கூட்டினால் 10-உம் 266-உம் ஒரே உலகம். 10-உம் 11-உம் ஒரு கட்டம் நகர்ந்த உலகங்கள்.

இரண்டாவது, நகர்த்தும் தொலைவு மிகப் பெரிதாவது. 32 பிட் தசம எண் 10 லட்சத்தை நெருங்கும்போது அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 0.0625 இடைவெளி விழுந்துவிடும். வழவழப்பான குன்றுகள் படிக்கட்டுகளாக மாறும். பெரிய விதை எண் கொண்ட எல்லா உலகங்களும் அதே படிக்கட்டுத் தோற்றத்தால் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

மூன்றாவது, முழு எண் ஆயங்களில் மட்டும் நாய்ஸைப் படிப்பது. கட்ட முனைகளில் பெர்லின் நாய்ஸின் மதிப்பு எப்போதும் ஒன்றே. மூல வடிவில் அது பூஜ்யம். ஆயத்தை ஒரு பின்னத்தால் பெருக்க மறந்தால், எந்த விதை எண்ணைக் கொடுத்தாலும் தட்டையான ஒரே நிலம் வரும். நாய்ஸ் பற்றிய புதியவர்களின் கேள்விகளில் பெரும்பங்கு இதைச் சுற்றியே இருக்கும்.

சரியான முறை, 256 எண்களின் பட்டியலையே விதை எண்ணைக் கொண்டு கலைப்பது. பல அளவுகளில் நாய்ஸை அடுக்கும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பட்டியலும் தனி நகர்வும் தர வேண்டும். மைன்கிராஃப்ட் இப்படித்தான் செய்கிறது. அடுக்குகளுக்குத் தனி நகர்வு தராவிட்டால், சுழியப் புள்ளியில் எல்லா அடுக்குகளும் ஒருசேரப் பூஜ்யமாகும். ஆட்டம் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குவதால், ஒவ்வோர் உலகத்தின் முதல் காட்சியும் ஒரே உயரத்தில் அமைந்துவிடும்.

ஐந்தாம் நிலை: விதிகள்

மேலே சொன்ன நான்கிலும் பிழை இல்லாதபோதும் உலகங்கள் ஒன்றுபோலத் தோன்றலாம். விதை எண் தீர்மானிப்பது மேடு எங்கே என்பதை மட்டுமே. மேடு எவ்வளவு உயரம், எத்தனை அகலம், எத்தனை அடிக்கு ஒன்று என்பவை நிரலாளர் நிலையாக வைத்த அளவுகள். அவை மாறாதவரை, வெவ்வேறு உலகங்கள் ஒரே நாட்டின் வெவ்வேறு மாவட்டங்களாகத்தான் இருக்கும்.

1980-இல் வந்த ரோக் கேமில் ஒவ்வொரு தளமும் மூன்றுக்கு மூன்று என்ற கட்டத்துக்குள் அறைகளாகப் பிரிந்தது. அறைகளின் அளவும் வழிகளும் மாறினாலும் ஒன்பது கட்டங்களின் எலும்புக்கூடு மாறவில்லை; சில தளங்களைக் கடந்தவருக்கு அது பிடிபட்டுவிடும். 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய எலைட் கேமின் விதை 48 பிட். அதைக் கொண்டு 281 லட்சம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்களைத் தர அவர்கள் எண்ணியிருந்தார்கள். அத்தனை மண்டலங்களும் ஒரே அச்சில் வார்த்தவை என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும் என அஞ்சிய வெளியீட்டாளர் அக்கார்ன்சாஃப்ட் அதை ஏற்கவில்லை. முடிவில் மண்டலத்துக்கு 256 கோள்கள் வீதம் எட்டு மண்டலங்களே வெளியாயின. 2016-இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை 2-இன் 64-ஆம் அடுக்கு அளவுக்குக் கோள்களைக் கொண்டது. சில மணி நேரத்தில் எல்லாம் பார்த்தவை போல இருக்கின்றன என்ற விமர்சனம் அதற்கும் எழுந்தது. இந்தத் துறையில் ஆய்வு செய்யும் கேட் காம்ப்டன், பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியில் ஒவ்வொரு பருக்கையும் வேறு இடத்தில் கிடந்தாலும் சாப்பிடுபவருக்கு எல்லாம் கஞ்சிதான் என்று இதை விளக்கினார். கணிதத்தில் தனித்துவம் வேறு, பார்வையில் தனித்துவம் வேறு.

தீர்வு விதை எண்ணில் இல்லை. அளவுகளையும் விதை எண்ணின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதில் இருக்கிறது. கடல் மட்டம், மலையின் செங்குத்து, கண்டத்தின் அகலம், ஆறுகளின் அடர்த்தி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரம்பு வைத்து, உலகத்துக்கு ஒருமுறை அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றைத் தனித்தனியே சிறிதளவு மாற்றுவதைவிட, தீவுக்கூட்டம், உயர்ந்த பீடபூமி, உடைந்த கடற்கரை என்று தெளிவாக வேறுபடும் சில வகைகளை வைத்து, அவற்றிலிருந்து விதை எண் தேர்ந்தெடுக்கும்படி செய்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

ஆட்டக்காரர் இறங்கும் இடத்தைத் தேர்வதும் இதே நிலையில் அடங்கும். தண்ணீர் அருகில், சமதளம், மரங்கள் உண்டு, கனிமம் எட்டும் தூரத்தில் என்று பல நிபந்தனைகளை வைத்துத் தேடும் கேமில், எல்லா உலகங்களின் தொடக்கமும் ஒரே சாயலில் அமைவது இயல்பு. நிபந்தனைகளைக் குறைக்க முடியாவிட்டால், அவற்றை நிறைவேற்றும் இடங்களில் முதலில் கிடைத்ததை எடுக்காமல், பலவற்றைச் சேகரித்து அவற்றில் ஒன்றை விதை எண் மூலம் தேர்வது நல்லது.

கண்டறியும் முறை

கண்ணால் பார்த்து ‘ஒன்றுபோல இருக்கிறது’ என்பது தொடக்கம்தான். எந்த நிலை என்று தீர்மானிக்க அளந்து பார்க்க வேண்டும். 0 முதல் 99 வரை நூறு விதை எண்களுக்கும், சமவாய்ப்பாக எடுத்த நூறு பெரிய விதை எண்களுக்கும், ஒரே பகுதியின் உயர வரைபடத்தை 256-க்கு 256 அளவில் எடுத்துக்கொள்வது போதும். பிறகு கீழ்க்காணும் வரிசையில் சோதிக்கலாம்.

1. முழு ஒற்றுமை: ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஹேஷ் எடுத்து ஒப்பிடுக. இரண்டு ஹேஷ்கள் ஒத்தால் குற்றம் பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகளிலோ நான்காம் நிலையிலோ இருக்கும். விதை எண்ணோடு 2-இன் 16, 24, 32, 48-ஆம் அடுக்குகளைக் கூட்டிப் பார்த்து, எந்த அடுக்கிலிருந்து உலகம் மாறாமல் நிற்கிறது என்று கண்டால், எத்தனை பிட் மிஞ்சுகிறது என்பது தெரியும்.

2. அண்டை ஒற்றுமை: அடுத்தடுத்த விதை எண்களின் வரைபடங்களுக்கு இடையே ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுக. தொடர்பற்ற வரைபடங்களின் கெழுக்கள் பூஜ்யத்தைச் சுற்றி இரு புறமும் சிதறிக் கிடக்கும். அண்டை எண்களில் மட்டும் ஒரே புறமாகச் சாய்ந்து, பெரிய எண்களில் சிதறினால், விதை எண் கலக்கப்படாமல் இயற்றிக்குப் போகிறது.

3. நகர்ந்த ஒற்றுமை: ஒரு வரைபடத்தை மற்றொன்றின் மேல் எல்லாத் திசைகளிலும் நகர்த்தி ஒப்பிடுக. ஏதோ ஓர் இடத்தில் கெழு 1-ஐ எட்டினால், ஆயத்தோடு விதை எண் கூட்டப்படுகிறது.

4. திரும்பிய ஒற்றுமை: கண்ணாடிப் பிம்பமாகவும், 90, 180 பாகை சுழற்றியும் ஒப்பிடுக. ஒத்தால் குறி நீக்கம், ஆயங்களை இடம் மாற்றிக் கூட்டுதல் போன்ற சமச்சீர்ப் பிழை உண்டு.

5. அடுக்கு ஒற்றுமை: உயரம், ஈரப்பதம், வெப்பம், கனிமம் ஆகியவற்றைத் தனித்தனியே 1 முதல் 4 வரை சோதிக்க வேண்டும். ஓர் அடுக்கு மட்டும் ஒத்தால் அந்த அடுக்கின் விதைப் பங்கீட்டில் பிழை. ஒரே உலகத்தின் இரண்டு அடுக்குகள் ஒன்றையொன்று ஒத்தால் சால்ட் எண் விடுபட்டிருக்கிறது.

6. எதுவும் ஒத்துப்போகாமல், தோற்றம் மட்டும் ஒன்றாக இருந்தால், உயரங்களின் பரவல், கடலின் விழுக்காடு, மேடுகளுக்கு இடையிலான சராசரித் தூரம் ஆகியவற்றை உலகம்தோறும் பட்டியலிடுக. எல்லா வரிசைகளிலும் ஏறத்தாழ அதே எண்கள் வந்தால் ஐந்தாம் நிலையைத் திருத்த வேண்டும்.

வரிசை முக்கியம். முதல் சோதனையில் தோற்ற நிரலுக்கு ஆறாவது சோதனையின் விடை எதையும் சொல்லாது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முதலிலிருந்து மறுபடி சோதிக்க வேண்டும். இந்தச் சோதனைகளை நிரலின் தானியங்கிச் சோதனைகளோடு சேர்த்துவிட்டால், பின்னாளில் யாரோ ஒரு வரியை மாற்றும்போது பழைய பிழை திரும்பி வருவது தடுக்கப்படும்.

திருத்துமுன் கவனிக்க வேண்டியவை

நிலத்தை உருவாக்கும் கணக்கில் எந்தத் திருத்தம் செய்தாலும், ஏற்கெனவே உள்ள விதை எண்கள் எல்லாம் புதிய நிலங்களைத் தரும். ஆட்டக்காரர் பாதி சுற்றிப் பார்த்த உலகத்தில், பழைய சதுரத்தின் பக்கத்தில் புதிய சதுரம் சுவர்போல வெட்டுண்டு நிற்கும். மைன்கிராஃப்டின் பழைய பதிப்பு மாற்றங்களில் இது வாடிக்கையாக நேர்ந்தது. 1.18-இல்தான் பழைய நிலத்தின் விளிம்பைப் புதிய நிலத்தோடு இழைத்துவிடும் முறை வந்தது. அவ்வளவு உழைக்க முடியாத சிறு குழுக்களுக்கு எளிய வழி, சேமித்த ஒவ்வோர் உலகத்திலும் விதை எண்ணோடு உருவாக்க முறையின் பதிப்பெண்ணையும் எழுதிவைப்பது. பழைய உலகம் பழைய முறையிலும், புதிய உலகம் திருத்திய முறையிலும் உருவாகும்.

எல்லா ஒற்றுமையும் பிழையல்ல. 1.18 முதல் மைன்கிராஃப்டின் ஜாவா, பெட்ராக் பதிப்புகளில் ஒரே விதை எண் ஏறக்குறைய ஒரே நிலத்தையும் பயோம்களையும் தருகிறது. கட்டடங்களின் இடங்கள் மட்டும் வேறுபடுகின்றன. இது திட்டமிட்டுச் செய்தது. போட்டி ஆட்டங்களில் நிலம் ஒன்றாகவும் புதையல்கள் வேறாகவும் இருக்க வேண்டும் என்ற தேவை எழலாம். அப்போது ஒரே விதை எண்ணின் பிட்களில் ஒற்றுமையை நம்பியிருக்காமல், நிலத்துக்கு ஒன்று, புதையலுக்கு ஒன்று என்று இரண்டு விதை எண்களை வெளிப்படையாக வைக்க வேண்டும். எது ஒத்திருக்க வேண்டும், எது மாற வேண்டும் என்பதை ஆவணத்தில் எழுதி, மேலே சொன்ன சோதனைகளின் எதிர்பார்ப்பையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டால், வேண்டிய ஒற்றுமையும் வேண்டாத ஒற்றுமையும் தனித்தனியே நிற்கும்.